மண்டபம் நிறைந்த கிண்ணம்

ரத்தினாம்பாள் அந்தக் கிண்ணத்தைப் பார்க்கப் போவதற்கு முன்பே அது ஐம்பது பேருக்குச் சாம்பார் கொதிக்கும் அண்டா அளவுக்கு வளர்ந்துவிட்டிருந்தது. நாமக்கல்லில் பாதிப் பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மீதிப் பேரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனார்கள். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளில் மதியச் சாப்பாட்டு நேரத்தை அரைமணி கூட்டிக்கொண்டார்கள். அவள் வேலை பார்த்த முட்டை ஷெட்டிலேயே எல்லோரும் இரண்டு தடவை போய் வந்துவிட்டார்கள். அவள் மட்டும், "கண்ணாடிக் கிண்ணத்துல பாக்கறதுக்கு என்ன இருக்குது?" என்று கேட்டுவிட்டு, அடுத்த அட்டை முட்டையைத் தூக்கி விளக்குப் பெட்டியின் மேல் வைத்தாள்.

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. மோகனூர் ரோட்டில் சென்னியப்பன் என்பவர் தன் தாயார் பெயரில் கட்டியிருந்த மண்டபம், வருஷா வருஷம் ஆடியில் தள்ளுபடிச் சேலைக்காரர்களுக்கும் மூங்கில் நாற்காலிக்காரர்களுக்கும் போகும். அந்த வருஷம் பழங்காலக் கண்ணாடிச் சாமான், பீங்கான் சாமான் கண்காட்சி விற்பனை என்று ஆறு வியாபாரிகள் ஒன்றாகச் சேர்ந்து வந்தார்கள். காரைக்குடியிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வைக்கோலில் சுற்றிய பெட்டிகள் வந்து இறங்கின. அந்த ஆறு பேரில் பள்ளப்பட்டி யாகூப் ராவுத்தர் மட்டும் அதிகம் பேசாதவர். அவர் மேஜையில்தான் அந்தப் பச்சைக் கிண்ணம் இருந்தது. சர்க்கரை போட்டு வைக்கும் அளவுக்குச் சின்னது, இளம் வாழைக்குருத்தின் நிறம், பக்கவாட்டில் கடுகு மாதிரி ஒரு குமிழி, விலைச்சீட்டுகூட ஒட்டாத வழுவழுப்பு.

முதல் நாள், லாரிகளின் முதுகில் தாமரையும் கழுகும் வரைகிற பெயின்டர் குழந்தைவேல் அந்த மேஜையருகே நின்றார், குனிந்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார், தன்னை அறியாமல் "அடடா" என்றார். கிண்ணம் ஒரு நகக்கண் அளவு பெரிதானது. ராவுத்தர் அதைப் பார்த்தார். குழந்தைவேலும் பார்த்தார். அவர் இன்னொரு தடவை, இந்த முறை கொஞ்சம் சத்தமாக, "அடடா" என்று சொல்லிப் பார்த்தார். கிண்ணம் அசையவில்லை. முதல் அடடா தானாக வந்தது, இரண்டாவது சோதித்துப் பார்க்க வந்தது, இந்த வித்தியாசம் கிண்ணத்துக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாம் நாளுக்குள் ஊருக்கே விஷயம் புரிந்துபோயிற்று. நிஜமாக வியந்தால் வளரும், வியந்த மாதிரி பேசினால் வளராது. பட்டிமன்றப் பேச்சாளர் ஒருவர் வந்து அரைமணி நேரம் அடுக்குமொழியில் புகழ்ந்தார், கிண்ணம் சும்மா இருந்தது. அவர் பின்னால் வரிசையில் நின்றிருந்த ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்த கைக்குழந்தை "ஆ" என்று வாயைத் திறந்தது, கிண்ணம் நாலு விரற்கடை வளர்ந்தது. இதெல்லாம் எப்படி என்று கேட்டுக்கொண்டு நிற்க ஊருக்கு நேரமில்லை. அதைவிட முக்கியமான காரியங்கள் இருந்தன. வரிசையை எந்தப் பக்கமாக விடுவது, செருப்பை எங்கே போடுவது, மோர் யார் ஊற்றுவது. தங்கள் மனசில் இன்னும் வியப்பு மிச்சமிருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வந்தவர்கள் நிறையப் பேர். அரிசி மண்டிக்காரர் ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து வந்து தோற்றுப்போய், நாலாம் நாள் கிண்ணம் வளர்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவிக்கு போன் போட்டார்.

இந்தப் பழக்கம் மண்டபத்துக்கு வெளியிலும் ஒட்டிக்கொண்டது. பேருந்து நிலையத்தில் சேலம் வண்டியை ஒரே ஒடிப்பில் பின்னால் எடுத்த டிரைவரை இறங்கிக்கொண்டிருந்தவர்கள் நின்று பாராட்டினார்கள். பரோட்டாக் கடையில் மாவு வீசுகிறவனைச் சுற்றிக் கூட்டம் நின்றது. பத்து நாளில் முடிய வேண்டிய கண்காட்சியை ஆடிக் கடைசி வரைக்கும் நீட்டித்தார்கள்; மற்ற ஐந்து வியாபாரிகளின் மேஜையிலும் சாமான்கள் நிற்காமல் விற்றன. ராவுத்தரின் கிண்ணம் மட்டும் விற்கவில்லை. அது வாசலைத் தாண்டாது. அண்டாவிலிருந்து வண்டிச் சக்கரமாகி, வண்டிச் சக்கரத்திலிருந்து கிணற்று வாயாகி, நடு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது.

பட்டறைக்காரர்கள் ஜாக்கி வைத்துத் தூக்க வந்தார்கள். ஜாக்கிக்கு வேலையே வரவில்லை. கிண்ணம் எவ்வளவு வளர்ந்தாலும் எடை அந்தப் பழைய சர்க்கரைக் கிண்ணத்தின் எடைதான். கூட்டுகிற பெண்கள் ஆளுக்கொரு ஓரமாகப் பிடித்து முறத்தைப் போலத் தூக்கி, அடியில் பெருக்கிவிட்டுத் திரும்ப வைத்தார்கள். பிரச்சினை வாசல்தான். வாசலை இடிக்கலாம் என்று யாரோ சொன்னபோது சென்னியப்பன் தலையிலடித்துக்கொண்டார். கிண்ணத்தை உடைக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அது யாருக்கும் தோன்றவேயில்லை.

ஆவணி ஐந்தாம் தேதி முதல் முகூர்த்தம். அந்த முகூர்த்தம் ரத்தினாம்பாளின் மகள் சுகந்திக்கு.

*

ரத்தினாம்பாளைப் பற்றி ஊரில் ஒரே பேச்சுத்தான்: அவள் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. முப்பத்தொரு வருஷமாக இருட்டு ஷெட்டில் உட்கார்ந்து, அடியில் விளக்கெரியும் பெட்டிமேல் முட்டையை வைத்து வைத்து, கீறலையும் இரத்தப் பொட்டையும் பழையதையும் பொறுக்கி எடுத்த கண் அது. நல்ல முட்டையை அவள் பார்ப்பதேயில்லை; நல்லது தானாகத் தாண்டிப் போய்விடும், கெட்டதில்தான் கை நிற்கும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க முடியவில்லை. புதுமனைப் புகுவிழாவுக்குப் போனால் சுவரில் மயிரிழை விரிசல் தெரிந்தது. பாயசம் குடித்தால் வறுபடாத ஒரு முந்திரி தட்டுப்பட்டது. மனசில் கெடுதல் எதுவும் கிடையாது. கண்டதைச் சொன்னாள்.

சுகந்திக்கு இருபத்து நாலு வயது. ரவிக்கைத் துணியில் ஊசியால் மணியும் சரிகையும் கோக்கிற ஆரி வேலை செய்கிறவள். கரூரிலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும் தேடி வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். முதல் இரண்டு வருஷம் ஒவ்வொன்றையும் அம்மாவிடம் கொண்டுவந்து காட்டினாள். "மூணாவது மயில்ல ஒரு மணி சாஞ்சிருக்குது பாரு அம்மிணி" என்பாள் ரத்தினாம்பாள். உண்மையிலேயே சாய்ந்திருக்கும். பிறகு சுகந்தி காட்டுவதை நிறுத்திவிட்டாள். சண்டையில்லை, முகச்சுளிப்பில்லை, நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். ரத்தினாம்பாளின் கணவர் லாரியோடு அஸ்ஸாம் போனால் வர இருபது நாளாகும். வீட்டில் அம்மாவும் மகளும் ரேடியோவைப் பேசவிட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆடி இருபத்தாறாம் தேதி காலையில் சென்னியப்பன் வீட்டுக்கே வந்தார். தண்ணீர்ச் செம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

"ரத்தினாக்கா, வேற மண்டபம் ஒண்ணுகூடக் காலியில்லீங். நானே பத்து எடத்துல கேட்டுட்டேன். கிண்ணத்தைச் சிறுசு பண்ணியே ஆகோணும்."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"பாராட்டுனா வளருதுங். அப்ப குத்தம் சொன்னா சிறுத்துத்தான ஆகோணும்? நாங்களும் திட்டிப் பாத்தோம். கண்றாவின்னோம், அழுக்குப் புடிச்ச கண்ணாடின்னோம். அசையமாட்டேங்குது. நாங்க பொய்க்குச் சொல்றது அதுக்குத் தெரிஞ்சு போவுதுங். நிசமா குத்தம் கண்டுபிடிக்கற ஆளு வேணும்." அவர் செம்பைத் தரையில் வைத்தார். "ஊர்ல யாரைக் கேட்டாலும் ஒரே பேரைத்தான் சொல்றாங்க."

உள்ளே ஊசியோடு உட்கார்ந்திருந்த சுகந்தி சிரித்தது கேட்டது.

*

ரத்தினாம்பாள் தன் சின்ன டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு போனாள். மகள் கல்யாணம் அந்த மண்டபத்தில் நடந்தாக வேண்டும். அதனால் அவள் வேலைக்குப் போகிறவள் மாதிரியே போனாள், தலைமுடியைத் துணியால் கட்டிக்கொண்டு.

உள்ளே நுழைந்ததும் வரிசையாக மேஜைகள். மஞ்சள் பூத்த பீங்கான் ஊறுகாய் ஜாடிகள் முதலாளிகள் மாதிரி கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நீலப் பூப்போட்ட தட்டுகளில் யாரோ ஒரு சீனாக்காரன் பாலத்தின் மேல் நடந்துகொண்டேயிருந்தான். பன்னீர்ச் சொம்புகள், சிவப்புச் சிம்னிகள், குண்டு மைக்கூடுகள், காது வைத்த கோப்பைகள், காதில்லாத கோப்பைகள், முட்டையை நிற்கவைத்துத் தின்பதற்கென்றே வெள்ளைக்காரர்கள் செய்துகொண்ட குட்டிக் கிண்ணிகள். இந்தக் கிண்ணிகளை மட்டும் அவள் ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். மற்றதையெல்லாம் போகிற போக்கில் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனாள். டங் என்றால் முழுசு, டக் என்றால் கீறல். "இது ஒட்ட வெச்சது. இதுக்கு மூடி வேற. இது அடியில கீறல் ஓடியிருக்குது." கொச்சிக்காரர் ஓடிவந்து அவள் தட்டியவற்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மேஜைக்கு அடியில் எடுத்து வைத்தார்.

ராவுத்தர் கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார். "வாங்கம்மா. குறை இருந்தா சொல்லுங்க. நான் வருத்தப்பட மாட்டேன்."

ஏணி வைத்து ஏறி, உள்ளே இன்னொரு ஏணியில் இறங்கினாள். கிண்ணத்தின் அடிவயிற்றில் வெறுங்காலோடு நின்றபோது குளத்தில் நிற்கிற மாதிரி குளிர்ந்தது. சுற்றிலும் ஊர் கூடி நின்றது. பச்சைச் சுவருக்கு அப்பால் தெரிந்த ஆட்கள் எல்லாம் கொஞ்சம் அகலமாகவும் கொஞ்சம் நல்லவர்களாகவும் தெரிந்தார்கள். அவள் டார்ச்சை அடித்து அடியிலிருந்து ஆரம்பித்தாள். முட்டையைப் பார்க்கிற அதே ஒழுங்கு, இடமிருந்து வலம், ஒரு சாண்கூட விடாமல்.

"அடியில எதுலிருந்தோ ஒடிச்செடுத்த தழும்பு இருக்குது," என்றாள். வெளியே குழந்தைவேல் எழுதிக்கொண்டார். கிண்ணம் அசையவில்லை. "இந்தப் பக்கம் கனம் கூட, அந்தப் பக்கம் கம்மி." அசையவில்லை. "வாய் முழு வட்டமில்ல. கிழக்கால ஒரு தாழ்வு. உள்ள ஒரு கோடு அலையாட்டம் ஓடுது. இங்க ஒரு மணல் துகள் உருகாமயே நின்னுருச்சு." ஒவ்வொன்றும் உண்மை. ராவுத்தர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். மதியச் சாப்பாட்டைக்கூட உள்ளேயே இறக்கிக் கொடுத்தார்கள். நாற்பத்தொரு குறை சொல்லி முடித்தபோது மணி நாலாகியிருந்தது. கிண்ணம் வளரவுமில்லை, சிறுக்கவுமில்லை. தன்னைப் பற்றித் தனக்குத் தெரியாததை யாரும் சொல்லிவிடவில்லை என்கிற மாதிரி இருந்தது.

சென்னியப்பன் வெளியிலிருந்து கத்தினார். "அக்கா, பெருசா ஒண்ணு சொல்லுங்க!"

பெரிய குறை ஒன்று இருக்கத்தான் செய்தது. கடைசியாக வைத்திருந்தாள். அந்தக் குமிழி. முன்பு கடுகு மாதிரி இருந்தது, கிண்ணத்தோடு தானும் வளர்ந்து இப்போது தேங்காய் அளவுக்குச் சுவருக்குள் நின்றது. அவள் அதன் அருகே போய் டார்ச்சை ஒட்டிப் பிடித்தாள்.

முட்டைக்குள் அகலமான பக்கத்தில் ஒரு காற்றறை இருக்கும். அதைப் பார்த்துத்தான் அவள் வயசு சொல்வாள். சின்னதாக இருந்தால் இன்றைய முட்டை, பெரிதாக இருந்தால் பழசு, ஒதுக்கு. எத்தனையோ லட்சம் காற்றறையைப் பார்த்திருக்கிறாள். குஞ்சு ஓட்டைக் கொத்துவதற்கு முன் தன் முதல் மூச்சை அந்த அறையிலிருந்துதான் எடுக்கும் என்று எப்போதோ ஒரு கால்நடை டாக்டர் சொன்னது அவளுக்கு இப்போது ஏனோ ஞாபகம் வந்தது. குமிழிக்குள் பார்த்தாள். இது வெறும் காற்றில்லை. ஒருவன் உலைக்கு முன்னால் நின்று குழாயில் வாயை வைத்து ஊதியிருக்கிறான். எந்த ஊர்க்காரனோ, என்ன பேரோ. நெருப்புச் சூட்டில் கன்னம் வெந்திருக்கும். அவன் செத்து எவ்வளவு காலமானதோ, அவன் ஊதின மூச்சில் கொஞ்சம் இதற்குள் நின்றுபோய், வெளியே வராமல், கெடாமல், இங்கே நாமக்கல் வரைக்கும் வந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து குமிழியில் விழுந்தது. மண்டபம் முழுக்க, எல்லா மேஜையிலும் எல்லா ஜாடியிலும் எல்லாக் கோப்பையிலும், மனிதர்களின் சட்டையிலும், பச்சை வெளிச்சம் நீர் போல ஓடிற்று.

"எப்படி ஊதியிருக்கறான்!" என்றாள் ரத்தினாம்பாள்.

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. வாயைப் பொத்தினாள். அதற்குள் கிண்ணம் கிளம்பிவிட்டது. அவளைச் சுற்றியிருந்த சுவர் அவளை விட்டு அகன்று அகன்று போனது, காலடித் தரை விரிந்தது, கூட்டம் பின்வாங்கிக்கொண்டே போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. மேஜைகள் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக நகர்த்தப்பட்டு ஓரத்தில் ஒதுங்கின. ஒரு கோப்பைகூட உடையவில்லை, ஒரு ஸ்பூன்கூட விழவில்லை. குழந்தையின் "ஆ"வுக்கு நாலு விரற்கடை வளர்ந்தது, ஊர் முழுக்கச் சேர்ந்து இருபத்தாறு நாளில் கிணற்று வாய் அளவுக்கு வளர்த்தது. அவள் ஒருத்தியின் ஒற்றை வார்த்தைக்குத் தூணிலிருந்து தூண் வரைக்கும், தரையிலிருந்து மாடிக் கைப்பிடி வரைக்கும் வளர்ந்து, மண்டபத்தை நிறைத்து நின்றது. இத்தனை வருஷம் அவள் சொல்லாமல் விட்டதெல்லாம் அதில் இருந்திருக்க வேண்டும்.

சென்னியப்பன் படியில் உட்கார்ந்துவிட்டார். ராவுத்தர் மட்டும் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாற்பது வருஷமா இந்த வியாபாரத்துல இருக்கேம்மா," என்றார்.

*

சேதி அவளுக்கு முன்பே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சுகந்தி வாசல்படியில் நின்றிருந்தாள்.

"மண்டபம் போச்சு அம்மிணி," என்றாள் ரத்தினாம்பாள். "நான்தான் கெடுத்துட்டேன்."

"மண்டபத்தை விடு." சுகந்தியின் குரல் அடங்கி வந்தது. "ஊரே சொல்லுது. ஒரு வார்த்தை சொன்னியாம், அது மண்டபம் கொள்ளாம போச்சாம். அப்ப அந்த வார்த்தை உன்கிட்ட இருந்துதான் இருக்குது. நான் இல்லைன்னு நெனச்சுட்டு இருந்தேன். அம்மாவுக்கு அது வராது, அவ சுபாவம் அதுன்னு மனசைத் தேத்தி வெச்சிருந்தேன். இருந்துருக்குதும்மா. கொண்டுபோய் ஒரு கிண்ணத்துக்குக் குடுத்துட்டு வந்துட்ட."

அவள் உள்ளே போய்விட்டாள். ரத்தினாம்பாள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்க்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். தப்பே கண்டுபிடிக்க முடியாத பேச்சு அது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒரு கீறல் இல்லை.

அடுத்த சில நாட்கள் அவள் முயன்று பார்த்தாள். மகள் சுட்டுப்போட்ட தோசையைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டு, "அம்மிணி, தோசை…" என்று ஆரம்பித்து, "…ஓரம் கொஞ்சம் கருகிருச்சு" என்று முடித்தாள். கல்யாணச் சேலையைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவளைக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டே நின்று, "முந்தி நீளம் பத்தாது" என்றாள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். சுகந்தி கோபப்படவில்லை. சரி என்று முந்தியைச் சரிசெய்துகொண்டாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இதற்கிடையில் ஊர் தன் பாட்டுக்கு ஒரு முடிவுக்கு வந்திருந்தது. கிண்ணத்தை வெளியே எடுக்க முடியாது. சரி, கல்யாணத்தை உள்ளே வைப்போம். பட்டறைத் தச்சர்கள் வந்து, கண்ணாடியில் ஓர் ஆணிகூடப் படாமல், கயிற்றுப் பாயின் மேல் நிற்கிற மாதிரி வெளியே இருபது படியும் உள்ளே இருபது படியும் மரத்தில் கட்டினார்கள். உள்ளே ஜமக்காளம் விரித்தார்கள். சென்னியப்பன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கிண்ணத்தின் விளிம்புக்கும் மாடிக் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு கைகூட நுழையாது. இன்னும் ஒரே ஒரு பாராட்டு விழுந்தால் சுவர் பிளந்துவிடும். அதனால் தாலி கட்டி எல்லோரும் இறங்கி முடிகிற வரைக்கும் அந்த மண்டபத்துக்குள் யாரும் எதையும் மெச்சக்கூடாது.

*

ஆவணி ஐந்தாம் தேதி அப்படி ஒரு கல்யாணம் நடந்தது. எழுநூறு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டு படியேறினார்கள். முறைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்து, "சேலை சுமாருங்க" "உங்க வேட்டியும் ஒண்ணும் பெருசாத் தெரியலீங்" என்று கவனமாக நலம் விசாரித்துக்கொண்டார்கள். சங்ககிரி மாப்பிள்ளை வீட்டாருக்கு விஷயத்தை முதலிலேயே சொல்லி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் பொண்ணைப் பார்த்துவிட்டு, ரொம்ப யோசித்து, "பரவால்ல" என்றார். நாதஸ்வரக்காரர் ஊத ஆரம்பித்ததும் கிண்ணமே கூடச் சேர்ந்து ரீங்காரமிட்டது. காலடி வழியாக அந்த நாதம் ஏறி எழுநூறு பேர் முதுகுத்தண்டிலும் நின்றது. ஒருவர்கூட ஆஹா சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் கடித்துக்கொண்டார்கள். சென்னியப்பன் விளிம்பு இருக்கிற இடத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு கிழித்து, அதற்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

ரத்தினாம்பாள் மணவறைக்கு அருகில் நின்றாள். அஸ்ஸாமிலிருந்து முந்தின நாள்தான் வந்து சேர்ந்த கணவர் பக்கத்தில் நின்றார். சடங்கை நடத்திவைக்கிற அருமைக்காரருக்கு எண்பது தாண்டிவிட்டது. ஊரில் பாதிப் பேர் கல்யாணத்தை நடத்திவைத்த கை இப்போது நடுங்கியது. தாலித் தட்டை மாப்பிள்ளை பக்கம் நீட்டும்போது தட்டு ஆடிற்று. மஞ்சள் அரிசி இரண்டு மணி சிந்திற்று. கிழவர் முகம் மாறியது. அந்தக் கணத்தில், குனிந்த தலையை நிமிர்த்தாமலேயே, சுகந்தி சேலை முந்தியை ஒதுக்குகிற மாதிரி தன் கையை நகர்த்தி, தட்டுக்கு அடியில் அவர் கையைத் தாங்கிப் பிடித்தாள். தட்டு நின்றது. யாரும் பார்க்கவில்லை. பார்த்துவிடக்கூடாது என்றுதான் முந்தியை அப்படிப் போட்டிருந்தாள். பெரியவர் தன் கையாலேயே கொடுத்த மாதிரி தாலியைக் கொடுத்தார்.

ரத்தினாம்பாளின் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது.

கெட்டிமேளம் முழங்கி ஓய்ந்து, அட்சதை விழுந்து, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அமைதியில் அவள் குரல் கேட்டது. உரக்கச் சொல்லவில்லை. ஆனால் கண்ணாடி அதை எழுநூறு பேர் காதுக்கும் கொண்டுபோனது.

"என்ற அம்மிணி," என்றாள். "எவ்வளவு அழகா இருக்கற நீ."

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். எழுநூறு தலைகளும் விளிம்பைப் பார்த்தன. படிப் பக்கம் இருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற நேரம் போயிற்று. சுவர் பிளக்கவில்லை. சென்னியப்பன் ஒரு கண்ணைத் திறந்து பென்சில் கோட்டைப் பார்த்தார். கோட்டிலிருந்து ஒரு மயிரிழைகூட விலகாமல் இருந்தது விளிம்பு.

கீழே, படியோரமாக நின்றிருந்த ராவுத்தர்தான் முதலில் பேசினார். "அது இதுக்குச் சொன்னதில்லையே," என்று கிண்ணத்தைக் காட்டினார். "அந்தப் பொண்ணுக்குச் சொன்னதில்லையா."

அவ்வளவுதான். அடைத்து வைத்திருந்ததெல்லாம் திறந்துகொண்டது. நாதஸ்வரக்காரரைக் கட்டிப்பிடித்து அழுதார் ஒருவர். மாப்பிள்ளையின் தாய்மாமன், "பரவால்லைன்னு சொன்னேனே, மகாலச்சுமிங்க, மகாலச்சுமி" என்று ஒவ்வொருவராகப் பிடித்துச் சொன்னார். சமையல்காரரை உள்ளே தூக்கிக்கொண்டு வந்தார்கள். பல வருஷம் பேசாமலிருந்த இரண்டு அண்ணன் தம்பிகள், உன் மகன் நல்லா வளந்திருக்கான், உன் மகளும்தான் என்று ஆரம்பித்தார்கள். கிண்ணம் எதையும் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. சுகந்தி மட்டும் தலை நிமிராமல் இருந்தாள்; மாலையில் இருந்த சம்பங்கி அதிர்ந்துகொண்டிருந்தது.

ராவுத்தர் வாழையிலையில் மூன்று தடவை பாயசம் வாங்கிக் குடித்தார். கிண்ணத்தை எப்போது எடுத்துக்கொள்வதாக உத்தேசம் என்று சென்னியப்பன் கேட்டார், கேட்கும்போதே அவர் முகத்தில் எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயம் தெரிந்தது. "அது பிடிச்ச எடத்துல உக்காந்துருச்சு. இருந்துட்டுப் போகட்டும்," என்றார் ராவுத்தர். அன்றைக்கே, கிண்ணத்தை மட்டும் யாரும் மெச்சக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஆவணியின் மிச்ச முகூர்த்தங்களுக்கும் தைக்கும் மாசிக்கும் ஆட்கள் வந்து பெயர் பதிந்துவிட்டுப் போனார்கள். உள்ளே கல்யாணம் செய்தால் பொய் தெரிந்த கிண்ணத்துக்கு முன்னால் யாரும் பொய்யாகப் பாராட்ட மாட்டார்கள் என்பதால் மொய் எழுதுகிற இடத்தில் பேச்சு குறைவாக இருக்கும் என்று ஒரு நல்ல பெயரும் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது.

சாயங்காலம் பெண்ணை அனுப்புகிற நேரம். சங்ககிரிக்குப் போகிற கார் பூச்சரம் கட்டி வாசலில் நின்றது. மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்துவிட்டார். பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சுகந்தி நின்றாள். இந்த இடத்தில் அம்மாக்கள் புத்தி சொல்வார்கள், இல்லாவிட்டால் அழுவார்கள். ரத்தினாம்பாள் இரண்டும் செய்யவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பொறந்த அன்னிக்கு டார்ச்சு வெளிச்சத்துலதான் மொதல்ல பாத்தேன், கரண்டு இல்ல," என்றாள். "ஒவ்வொரு வெரலா எண்ணினேன். குத்தமே இல்ல. குத்தமே இல்லைன்னா என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல அம்மிணி. எனக்கு அந்த வேலையைச் சொல்லித்தரவேயில்ல யாரும்."

"சரிம்மா," என்றாள் சுகந்தி.

"சரியில்ல, இரு. ஒண்ணாங்கிளாசுல நீ எழுதுன 'அ' இருக்குதே, அந்தச் சுழி. அப்புறம் அப்பா லாரி ஆக்சிடென்ட் ஆன வருசம், நீ ரெண்டு மாசம் சோறாக்குன, பதினொரு வயசு. அப்புறம் அந்த மயிலு. மூணாவது மயில்ல மணி சாஞ்சுதான் இருந்துச்சு. ஆனா மொத மயிலும் ரெண்டாவது மயிலும், கண்ணு, நான் அதை…"

பேசிக்கொண்டே போனாள். இருபத்து நாலு வருஷமாக விளக்குக்கு மேல் தாண்டிப் போனவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எதையும் அவசரப்படுத்தவில்லை, எதையும் விடவில்லை. சுகந்தி கதவைப் பிடித்திருந்த கையை எடுத்து அம்மாவின் கையின் மேல் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டு நேராக உட்கார்ந்துகொண்டார். கார்க்காரர் கண்ணாடியில் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு இருக்கையில் சாய்ந்துகொண்டார்.